காலி என்று சொல்லாதவள்

அவளை முதல் நாள் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு யாரையும் முதல் நாள் பிடிக்காது. பெண் பார்க்கப் போன அன்று என் மனைவியையே பிடிக்கவில்லை. காபியில் அவ்வளவு சர்க்கரை.

பேரை எழுத மாட்டேன். எழுதினால் போன் போட்டுச் சண்டைக்கு வருவாள். இப்போது அவள் நெய்வேலியில் இல்லை. சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கே போய்விட்டாள். 'இல்லை' என்று எழுதினதற்கும் தனியாக ஒரு சண்டை போடுவாள். போடட்டும்.

ஆரம்பம் என் மகளால் வந்தது. அவள் பெங்களூரில் இருக்கிறாள். நான் ரிட்டயர் ஆன வாரம் போன் பண்ணினாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு கிஃப்ட். டூர் புக் பண்ணியிருக்கேன். எலக்ட்ரிக் சைக்கிள் டூர். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனியா ஒரு கைடு வருவாங்க."

"எந்த ஊருக்கு?"

"நெய்வேலிக்கு."

"நான் இப்ப எங்கடி இருக்கேன்?"

"நெய்வேலியிலதான்ப்பா."

போனை வைத்துவிட்டேன். என் சர்வீஸ் முழுக்க இந்த ஊர் மைன்ஸில் போயிருக்கிறது. பெல்ட் செக்‌ஷன். வெட்டுகிற மண்ணும் நிலக்கரியும் ஓடுகிற பெல்ட் அறுந்தால் ஒட்டுவது, உருளை தேய்ந்தால் மாற்றுவது. டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் எந்த ரோட்டில் தண்ணீர் தேங்கும் என்று எனக்குத் தெரியும். இதை எனக்கே சுற்றிக் காட்ட ஒரு பொம்பளை, அதற்கு என் மகள் பணம் கட்டியிருக்கிறாள். கோபம் வருமா வராதா?

அந்த நேரத்தில் எனக்கு வேறு கோபமும் இருந்தது. டவுன்ஷிப்பில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வேலை இருக்கிறவரை குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனால் கொஞ்ச நாள் விடுவார்கள், அதற்குள் காலி பண்ண வேண்டும். நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். அப்பா கட்டின வீட்டில் பாதி எனக்கு, மீதியில் தம்பி இருக்கிறான். அங்கே போவதுதான் முறை என்றேன். என் மனைவி, "நீங்க போங்க. நான் வடலூர்ல ஒரு வீடு பார்த்து இருந்துக்கிறேன்" என்றாள். கோபத்தில் சொன்னால் பரவாயில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. சோறு போட்டாச்சு, மோட்டார் போடணும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறுவோமோ என்ற பயம் எனக்கு இருந்தது. வெளியே காட்டவில்லை.

டூருக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் என் மனைவி காலையில் எழுந்து, தலை வாரி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். தனியாக விடவும் மனசில்லை. போனேன்.

மெயின் பஜார் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் ஓரத்தில் மூன்று சைக்கிள்களை நிறுத்திக்கொண்டு அவள் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், மேலே ஆம்பளைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. புதுச்சேரியில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவளாம். கடைக்காரர் புது சைக்கிள் இறக்கினபோது இந்தப் பழைய மூன்றையும் வாங்கி வந்து இங்கே தொழில் தொடங்கியிருக்கிறாள். இங்கே வளர்ந்து சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போன பிள்ளைகள் லீவுக்கு வந்தால், கட்டிக்கொண்டவர்களிடம் நான் படித்த ஸ்கூல், நான் விழுந்த சாக்கடை என்று காட்ட இவளைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டம்தான் அவள் பிழைப்பு.

வணக்கம் எல்லாம் சொல்லவில்லை. முதல் கேள்வி, "எந்த பிளாக் சார்?"

சொன்னேன்.

"ஓ, அந்த பிளாக்கா? அங்க ஒரு டீச்சரம்மா இருக்காங்களே, பால்காரரோட தெனம் சண்டை போட்டுக்கினு?"

"அவங்க காலி பண்ணிப் போயி எவ்வளவோ வருஷம் ஆச்சும்மா. நீ அவங்களைப் பார்த்திருக்கவே முடியாது."

"பார்த்ததில்ல சார். ஆனா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை நீட்டினாள்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கிறுக்கு என்று நினைத்தேன்.

அந்த சைக்கிளில் கைப்பிடி ஓரம் ஒரு பட்டன். அமுக்கினால் மோட்டார் தள்ளும், கால் சும்மா சுற்றினால் போதும். நான் அமுக்கவில்லை. ஷிஃப்டுக்கு சைக்கிள் மிதித்துப் போனவன் நான். எனக்கு எதற்கு மோட்டார்? ஆனால் பேட்டரியோடு அது எருமை கனம் கனத்தது. ஒரு ரோடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. என் மனைவி பட்டனை அமுக்கிக்கொண்டு, சேலை பறக்க, என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் நான். அடுத்த திருப்பத்தில், யாரும் பார்க்காத நேரம், நானும் அமுக்கினேன்.

"அமுக்கிட்டீங்களா சார்?" என்று முன்னால் இருந்து சத்தம் வந்தது. அவளுக்கு முதுகிலும் கண்.

கைடு என்ற வகையில் அவள் மோசம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வருஷம் தப்பு, பேர் தப்பு. மண் வெட்டுகிற பெரிய மெஷினைப் பற்றி என் மனைவியிடம், "யானை மாதிரி நடக்கும்மா" என்று அளந்துகொண்டிருந்தாள். அந்த மெஷினைப் பார்த்துக் குப்பை கொட்டினவன் நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

"நடக்காதும்மா அது. ஊரும். செயின் மேல ஊரும்."

"ஊரும்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்குது சார்."

அடுத்த வாரம் அதை வேறு யாருக்கோ தன் சரக்கு மாதிரி சொன்னாள். அவள் தொழில் ரகசியமே அதுதான். தப்பாக ஒன்றைச் சொல்வாள். நமக்குப் பொறுக்காது, திருத்துவோம். திருத்துகிறபோது கூடவே நாலு கதை வாயிலிருந்து விழும். அவள் பொறுக்கிக்கொள்வாள். இங்கே அப்படி ஒருத்தர் இருக்காரு, இப்படி ஒருத்தர் இருக்காரு என்று அந்தக் கதைகளைத் தெருத்தெருவாகக் குடிவைப்பாள். அவள் கணக்கில் டவுன்ஷிப்பிலிருந்து இதுவரை ஒரு ஆள்கூடக் காலி பண்ணவில்லை.

அந்த வார்த்தையே அவள் வாயில் வராது. நான் மோட்டாரை முழு வேகத்தில் வைத்தே ஓட்டினதில் சுரங்கம் பார்க்கிற மேட்டுக்கு ஏறுகிறபோது சைக்கிள் நின்றுவிட்டது.

"பேட்டரி காலியா?"

"தூங்குது சார்."

"காலின்னு சொல்லேன். என்ன கெட்டுப்போச்சு?"

"எங்க வூட்ல அரிசி தீந்துட்டா எங்கம்மா தீந்துடுச்சின்னு சொல்லாது சார். நெறைஞ்சிருக்குதுன்னுதான் சொல்லும். கடைக்காரரே சிரிப்பாரு. அது அரிசிக்கு மட்டும் சொல்லும். நான் எல்லாத்துக்கும் சொல்றேன்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றாள் என் மனைவி. "உப்புக்கும் சொல்லுவோம்." அதன் பிறகு இரண்டு பேரும் தோழிகள். நான்தான் வெளியாள்.

அந்தப் பெண் தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டு, தூங்குகிற சைக்கிளைத் தானே மிதித்து மேட்டில் ஏற்றினாள்.

மேலே நின்றால் சுரங்கம் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய பள்ளம். எனக்கு ஆபீஸ். கீழே கறுப்பாக நிலக்கரி, மேலே படிப்படியாக மண், தூரத்தில் பெல்ட் ஒரு கோடு மாதிரி. பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டே அவள் கையை நீட்டினாள்.

"அதோ, அந்த மெஷினுக்கு நேர் மேல பாருங்க. அங்கதான் எங்க வூடு இருக்குது."

பார்த்தேன். "அங்க எங்கம்மா இருக்கு? வெறும் ஆகாசம்."

"அதேதான் சார். அந்த ஆகாசத்துலதான். வாசல்ல ஒரு முருங்கமரம் இருக்குது. பக்கத்துல எங்கத்தை வூடு. இப்பகூட வேலி ஓரமா நின்னுக்கினு எங்கம்மாவ திட்டிக்கினு இருக்குது."

சுரங்கத்துக்கு எடுத்த ஊர்க்காரி என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "நான் பெல்ட்ல இருந்தவன். அந்த மண்ணு என் பெல்ட்லதான் போயிருக்கும்" என்றேன்.

என் மனைவி என்னை முறைத்தாள். அந்தப் பெண் முகம் மாறவில்லை.

"முருங்கமரம் வந்துதுங்களா சார்?"

நான் கூலிக்கு வேலை பார்த்தவன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, அவளும் அதைக் கேட்கவில்லை. மரம் வந்ததா என்றுதான் கேட்டாள். பெல்ட்டில் எவ்வளவோ வேர் வரும், தூர் வரும். எது முருங்கை, எது முந்திரி என்று யார் பார்த்தார்கள்?

"தெரியலம்மா."

"பார்த்திருந்தா சொல்லுவீங்க" என்று டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்கிறார்களே என்று மாசக்கணக்காக வீட்டில் குதித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதை அங்கே சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியில் எங்கள் ரோட்டுக்குள் சைக்கிளைத் திருப்பினாள். வரிசையாக ஒரே அச்சு வீடுகள். ஒரே கேட், ஒரே ஜன்னல். எங்கள் வீட்டு முன்னால் காலை ஊன்றி நின்றாள்.

"எல்லா வூடும் ஒரே மாதிரி இருக்குதே, யாரும் தப்பா பூந்துட மாட்டாங்களா?"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு மாசத்துக்கு மேல் நான் கேட்காத சிரிப்பு.

"பூந்தாரே ஒருத்தர். இந்தா நிக்கிறாரு பாரு."

"ஏய், சும்மா இரு."

"கல்யாணமாகி வந்த புதுசு. இவரு நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கக் கலக்கத்துல ஒரு ரோடு தள்ளி, இதே மாதிரி வீட்டுக்குள்ள போயிட்டாரு. கதவு சாத்தல. மேஜையில டிபன் மூடி வச்சிருக்கு. நான்தான் வச்சிருக்கேன்னு உக்காந்து முழுசாத் தின்னுட்டு, அந்த வீட்டுக் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டாரு. கொல்லையில துணி காயப்போட்டுட்டு அந்தம்மா உள்ள வந்து ஒரே அலறல்."

"அய்யோ, அப்புறம்?"

"அந்த வீட்டுக்காரர் குளிச்சிட்டு ஓடி வந்தாரு. தஞ்சாவூர்க்காரர். இவரு காலில மைன்ஸ் ஷூ, சட்டையெல்லாம் கரி. பார்த்துட்டு, 'நைட் ஷிஃப்டா தம்பி? உன் வீடு அடுத்த ரோடா இருக்கும். தூங்கினது தூங்கிட்ட, முழுசாத் தூங்கி எழுந்திரிச்சுப் போ'ன்னு இவரு ஷூவக் கழட்டி ஓரமா வச்சாரு. அந்தம்மா வீட்டுக்காரருக்குன்னு மறுபடி அடுப்புப் பத்த வச்சாங்க. இங்க நான் இட்லிய வச்சுக்கிட்டு வாசலப் பார்த்துக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்."

"அங்கயும் இட்லிதானா சார்?"

"உப்புமாம்மா. அங்க உப்புமா. இங்கதான் இட்லி" என்றேன். வேறென்ன சொல்வது.

"ரிட்டயர் ஆயிட்டீங்களே, இனிமே எங்க போறீங்க, சொந்த ஊருக்கா?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"அங்க போயி தப்பான வூட்டுல பூந்து படுத்தீங்கன்னா இன்னா பண்ணுவாங்க?"

நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "கட்டி வச்சு உதைப்பான். மொத ஆளா இவரு தம்பியே வருவான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நடுரோட்டில் மூன்று பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, உள்ளே போங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டு, "வடலூர்ல ஒரு வீடு இருக்காம், ஒரு தடவ பார்த்துட்டு வருவோமா?" என்று கேட்டாள்.

"வர்றேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுவேன்."

"என்னைக்குச் சொல்லாம இருந்தீங்க?"

போனோம். எனக்குப் பிடிக்கவில்லை. அதையே எடுத்துக்கொண்டோம்.

குவார்ட்டர்ஸில் இருந்த மீதி நாளில் அந்தப் பெண் என் நிம்மதியைக் கெடுத்தாள். யாரைக் கூட்டி வந்தாலும் எங்கள் ரோட்டில் நிறுத்தி, "இந்த வூட்லதான் சார் ஒரு கோவக்கார சார் இருக்காரு" என்று ஆரம்பிப்பாள். கதை வாரம் ஒரு விதம். ஒரு வாரம் உப்புமா பொங்கலானது. ஒரு வாரம் அலறின அம்மா உலக்கையைத் தூக்கினாள். ஒரு வாரம் கேட்டால், நான் அந்த வீட்டில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் படுத்தேனாம். நான் கதவைத் திறந்துகொண்டு வந்து, "உலக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல, யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கத்துவேன். வந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள்.

ஒரு நாள் அவளைத் தனியாக நிறுத்தி, இது நல்லாவா இருக்கு என்று கேட்டேன்.

"நீங்க வெளியில வந்து கத்துனாதான் சார் அவங்களுக்குத் திருப்தி. நேத்து வந்தவங்க, நீங்க கடைக்குப் போயிருந்தீங்க, மூஞ்சியே வாடிப்போச்சு."

"அப்ப வேணும்னேதான் தப்பா சொல்றியா?"

"இல்ல சார். தப்பாதான் ஞாபகம் வருது" என்றாள். இன்றைக்கு வரை அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி அவளுக்கு மோர் கரைத்துக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தாள்.

சாமான் ஏற்றின அன்றும் வந்தாள். அலமாரியை ஒரு பக்கம் அவள் பிடித்தாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன சார், எல்லாம் காலியா?" என்றார். மரியாதைக்குத்தான் கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அவள் அலமாரியை இறக்கி வைக்காமலே, "நெறைஞ்சிருக்குது சார்" என்று பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தூக்குங்க சார், கை வலிக்குது" என்றாள்.

வடலூர் வீடு பழகிவிட்டது. சபைக்குப் போகிற கூட்டம், பஸ் சத்தம், எல்லாவற்றுக்கும் எனக்குக் குறை உண்டு. தெருவில் பாதிப் பேர் எங்கள் மைன்ஸ் ஆட்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் ஷிஃப்ட் மாதிரியே இருக்கும். என் மனைவி பக்கத்தில் இருக்கிறாள். எனக்கு அது போதும். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

ஒரு நாள் மருந்து வாங்க நெய்வேலிக்குப் போனேன். வேலை முடிந்ததும் வண்டி தானாகவே எங்கள் ரோட்டுக்குத் திரும்பியது. வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. கேட்டில் பூட்டு, உள்ளே சருகு. பார்க்கப் பிடிக்காமல், எதிர்ப்பக்க மர நிழலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.

அப்போது மூன்று சைக்கிள் வந்து நின்றது. முன்னால் அவள். பின்னால் ஒரு பையனும் அவன் மனைவியும், ஐ.டி. ஆட்கள் மாதிரி. எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, பூட்டின கேட்டைக் காட்டி ஆரம்பித்தாள்.

"இந்த வூட்லதான் ஒரு கோவக்கார சார் இருக்காரு."

கதை முழுக்கச் சொன்னாள். நைட் ஷிஃப்ட், தப்பான ரோடு, மூடி வைத்த டிபன், உலக்கை. அந்தப் பையன் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பையன் மட்டும் பூட்டைப் பார்த்தான்.

"ஆனா வீடு காலியா இருக்கே. அவரு இப்ப இல்லைல்ல?"

"இருக்காரு சார்."

"பூட்டியிருக்கே?"

"அதனால இன்னா? இருக்காரு. அன்னிக்கு அந்த வூட்ல மட்டும் அவரு ஆறு இட்லி சாப்ட்டாருன்னா பார்த்துக்குங்களேன்."

என்னால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்?

"உப்புமாம்மா!" என்று கத்தினேன். "எத்தனை தடவ சொல்றது? அங்க உப்புமா!"

அந்த இரண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. பூட்டின கேட்டைப் பார்த்தபடியே அந்தப் பையனிடம் சொன்னாள்.

"நான் சொன்னேன்ல சார்?"